முப்பத்தொன்றாம் தேதி விடுமுறை

பயிற்சி டீச்சருக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. இன்று அவளுடைய கடைசி மாதிரி வகுப்பு. கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் அம்மா வந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். தேறினால் அவள் முழு டீச்சர். தவறினால் இன்னும் ஒரு வருடம் பயிற்சிதான்.

பாடமும் லேசுப்பட்டதல்ல. போனில் வருகிற பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி? அதற்காகத் தன் கையாலேயே ஒரு பொய் தயாரித்திருந்தாள். ‘வெள்ளையடிப்பதால் நாளை 31ஆம் தேதி ஏழாம் வகுப்புக்கு விடுமுறை.’ கீழே தலைமையாசிரியர் கையெழுத்து. தன் வருகைச் சான்றிலிருந்து வெட்டி ஒட்டியது! பிள்ளைகள் பிடிக்கட்டுமென்று இரண்டு ஓட்டையும் வைத்திருந்தாள். அந்த மாதத்துக்கு முப்பது நாள்தான். பள்ளி முத்திரையிலிருந்த புத்தகம் தலைகீழாக நின்றது. முன்தினம் மாலை படத்தைத் தலைமையாசிரியருக்கு அனுப்பி, பாடத்துக்குக் காட்டலாமா என்று அடுத்த செய்தியில் கேட்டாள். ‘ஓகேம்மா’ என்று பதில் வந்ததும் குதித்தாள்.

இப்போது வகுப்புக்குள் நுழைந்தால், முப்பத்து நான்கு பேர் இருக்கவேண்டிய இடத்தில் பதினோரு தலைதான்! மேற்பார்வையாளர் அம்மாவோ பேனாவைத் திறந்தாயிற்று.

தலைமையாசிரியர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். “லீவு விட்டாச்சே, இவங்க ஏன் வந்தாங்க? வெள்ளையடிக்கிற ஆளுங்க எங்கம்மா?”

“லீவா? யார் சார் சொன்னது?”

“நீதானே நேத்து அனுப்பின! பெத்தவங்க குரூப்ல உடனே போட்டுட்டேனே.”

அவசரமாகப் போனைத் திறந்தாள். படம் மட்டும் போயிருந்தது. கேள்வி போகாமல் சிவப்புக் குறியோடு நின்றது. பாவி, பதிலைப் பார்த்தவள் அதைப் பார்க்கவில்லை!

“அது பாடத்துக்காகச் செஞ்சது சார். நீங்க லீவே விடலையே!”

“என் கையெழுத்தே இருந்துச்சேம்மா! நான்தான் போட்டுட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன்.”

அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். பழியைப் போன் மேல் போட்டுவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் நப்பாசை. சீ, இந்தப் பாடத்தை நடத்த வந்துவிட்டு அப்படியா?

“பிள்ளைங்களா, அந்த லீவு பொய். செஞ்சது நான்தான்.”

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் ‘சந்தேகம்’.

“பொய்னு நேத்தே தெரியும் டீச்சர்! இன்னிக்கு ஒண்ணாம் தேதி. முப்பத்தொண்ணு எங்கேருந்து வந்துச்சு? புத்தகம் வேற தலைகீழா நிக்குது. எல்லாருக்கும் போன் போட்டேன். பத்துப் பேர்தான் என்னை நம்பினாங்க.”

“மத்தவங்க?”

“சார் கையெழுத்தே இருக்கு, சும்மா கெடன்னாங்க.”

பயிற்சி டீச்சருக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. பாடுபட்டுத் தயாரித்த படங்களையெல்லாம் மூடி வைத்துவிட்டுச் சாக்பீஸைச் சந்தேகத்தின் கையில் கொடுத்தாள். பதினோரு பேரும் சேர்ந்து மறுப்புச் செய்தி எழுதினார்கள். ஒருவன் தேதி பார்த்தான், ஒருத்தி முத்திரை பார்த்தாள், இன்னொருத்தி அலுவலகத்துக்கே ஓடிக் கேட்டு வந்தாள். பிறகுதான் தலைமையாசிரியரைக் குரூப்பில் போட விட்டார்கள். அரை மணி நேரத்தில் ஈரத் தலையும் தூக்கக் கண்ணுமாக மற்றவர்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்கும் சந்தேகமே முதலிலிருந்து நடத்தினாள். வகுப்பு அமளிதுமளிப்பட்டது.

மணி அடித்தது. மேற்பார்வையாளர் அம்மா முகத்தில் ஒன்றும் காட்டாமல் மார்க் தாளையும் தன் பேனாவையும் தலைமையாசிரியரிடம் நீட்டினார். அவர் வழக்கம்போல் பேனாவைத் தாளில் வைத்தார்.

“படிச்சுட்டுப் போடுங்க சார்!” வகுப்பே கத்தியது.

பேனா அந்தரத்தில் நின்றது. அசடு வழிய, சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“தன் தவறைப் பிள்ளைகள் முன் ஒப்புக்கொண்டார். பாடம் அங்கேயே தொடங்கியது... தேர்ச்சி!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பயிற்சி டீச்சர் அழுதுகொண்டே சிரித்தாள். சந்தேகம் மட்டும் எட்டித் தாளைப் பார்த்தாள்.

“சார், இன்னும் போடாதீங்க. தேதி முப்பத்தொண்ணுன்னு இருக்கு.”

மேற்பார்வையாளர் அம்மா பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.