ஒலிபெருக்கியில் இருந்த குரல்

“இவங்க குரல் எப்போலேர்ந்து இப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்டபோது மான்சிக் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். விடை அங்கே எழுதி ஒட்டியிருக்கும் என்பதுபோல.

காலையில் கிம்ச்சி ஊறுகாய்க்காக முட்டைக்கோஸை உப்பில் புரட்டிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொட்டியின் மேல் சாய்ந்துவிட்டாள். கையுறையைக்கூடக் கழற்றாமல் அவளைத் தான் முட்டை விற்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“ஜலதோஷம்தாங்க. ரெண்டு மூணு நாளா இருக்கும்” என்றார்.

படுக்கையில் கிடந்த ஓக்பூன் கையை உயர்த்தினாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, காய்ந்த இலையைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தத்தில் சொன்னாள். “மழைக்காலத்துலேர்ந்து.”

மழை ஓய்ந்து மாதங்களாகி, அறுவடைத் திருநாளும் போய், வெளியே உறைபனி விழ ஆரம்பித்திருந்தது. மான்சிக்கின் காது மடல் சுட்டது.

டாக்டர் கணினித் திரையில் படத்தைக் காட்டினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வளையும் இடத்தில் பலூன்போல் வீங்கியிருந்தது. “தொண்டையில ஒரு கோளாறும் இல்லீங்க. குரலுக்குப் போற நரம்பு கீழே இறங்கி, இந்தக் குழாயைச் சுத்திட்டுத்தான் மறுபடி மேல ஏறும். வீக்கம் அதை நசுக்கியிருக்கு. உடம்பு குரல் வழியாத்தான் முதல்ல சொல்லியிருக்கு. அப்பவே வந்திருந்தா குரலும் திரும்ப வாய்ப்பு இருந்தது. இப்ப உயிரைப் பாப்போம்.”

அறுவைக்கூடத்தின் கதவு மூடிய பிறகு தாழ்வாரத்தில் உட்கார்ந்து மழைக்காலத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். அவள் குரல் கம்மியதாக ஒரு நாளும் நினைவில்லை. எப்படி இருக்கும்? பொழுது விடிந்தால் அடைந்தால் அவர் காதில் விழுந்ததெல்லாம் அவளுடைய நல்ல குரல்தானே.

வண்டியின் ஒலிபெருக்கிக்காக, வண்டி வாங்கிய வருஷம் பதிவு செய்த குரல் அது. காற்று இரையாமல் இருக்க இருவரும் வண்டிக்குள் கனத்த போர்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டார்கள். உள்ளே பூண்டு வாசம். “அக்கா, முட்டை வந்தாச்சு! கண்ணாடிக்குப் பின்னால ஒளிஞ்சிக்காம கீழ இறங்கி வாங்க!” என்று அவள் கணீரென்று சொல்லி முடிக்கும்போது மான்சிக்கின் முழங்கை இடித்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அழிக்க இருவருக்குமே தெரியவில்லை. சிரிப்பும் சேர்ந்தே ஊர் சுற்றியது. அடுக்குமாடிப் பெண்கள் அந்தச் சிரிப்புக்காகவே இறங்கி வருவதாகச் சொல்லுவார்கள். அவளுக்கு மூட்டுவலி வந்து வீட்டோடு தங்கிய பிறகும் அவர் தெருத்தெருவாக அவள் குரலைக் கேட்டுக்கொண்டுதான் போனார். சாயங்காலம் வீடு திரும்பும்போது காது நிறைந்திருக்கும். இனி யார் பேச்சும் வேண்டாம் என்று தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். அவள் சோற்றுக் கிண்ணத்தைத் தட்டிக் கூப்பிடுவாள். அது அவளுடைய புதுப் பழக்கம் என்று எண்ணிக்கொண்டார். சோம்பேறித்தனம் என்றுகூட எண்ணினார்.

ஒருநாள் ஏதோ சொல்ல வந்தவளிடம், “என்ன தவளை மாதிரி கத்துற? பாட்டுக்கூடத்துல மைக்கைப் பிடிச்சு நேத்து ரொம்பப் பாடிட்டியா?” என்று கேலி செய்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. அவள் தொண்டைக்கு மருந்தாகப் பேரிக்காயைத் தேன் ஊற்றி வேகவைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அதில் இவரும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். காது இருந்தும் செவிடு என்பது வேறு யாரைச் சொல்வது?

மகள் மிரான் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரில் நின்றாள்.

“போன்ல அம்மா பேசறதே புரியலப்பா. அதனாலதான் உங்ககிட்ட கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?”

“நல்லாத்தான் இருக்கான்னு சொன்னேன்.”

“அம்மாவைப் பாத்துட்டா சொன்னீங்க?”

வண்டியில் இருந்துகொண்டு, தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போது சொன்ன வார்த்தை அது.

ஓக்பூன் பிழைத்தாள். குரல் பிழைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று கடவுள் அளந்து கொடுத்ததுபோலப் பேசினாள். பேசினால் மூச்சு வாங்கியது. மான்சிக் தொலைக்காட்சியை விற்றுவிட்டார். வண்டியில் ஒலிபெருக்கியின் இணைப்பையும் பிடுங்கிவிட்டுத் தானே கத்தினார். கழுதை கத்தினாற்போல இருந்ததோ என்னவோ, பாதி முட்டை திரும்பி வந்தது.

பனி உருகிய ஒரு காலையில் அவளே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பிடுங்கிய வயரைக் கண்டாள். குனிந்து அதைச் செருகினாள்.

“வேணாம். கேக்க முடியல என்னால” என்றார்.

“முட்டை... அழுகிடும்” என்றாள்.

சிரிப்போடு வண்டி நகர்ந்தது. அவள் ஜன்னலோரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ உறவுக்காரப் பெண் பேசுவதைக் கேட்பதுபோலத் தன்னைக் கேட்டபடி வந்தாள். அடுக்குமாடி வாசலில் நிறுத்தியதும் பெண்கள் இறங்கி வந்தார்கள்.

அப்போது ஓக்பூன் அவர் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள். அவர் பாய்ந்து ஒலிபெருக்கியை அணைத்தார். இன்ஜினையும் அணைத்தார். அவள் வாயருகே காதைக் கொண்டுபோனார்.

“அந்த நீலச் சட்டை அக்காவுக்கு... சின்ன முட்டையா குடு. அவங்க வீட்டுல... அதான் பிடிக்கும்.”

ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. இடையில் அவள் இழுத்த மூச்சுகூடக் கேட்டது. ஆனாலும் ஆசை யாரை விட்டது. இன்னொரு தரம் அவள் தன்னிடம் பேச வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

“என்ன சொன்ன?” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு, பழகிப்போனவள்போல, ஒன்றுமில்லை என்று கையை அசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு ஓக்பூன்” என்றார் அவர். வெளியே நீலச் சட்டைக்காரி கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஓக்பூன் விரலால் அவளைச் சுட்டி, போய்க் கவனி என்று சைகை காட்டினாள்.