பக்கத்து சீட்டு

கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்த தெய்வாத்தாள் கணுக்காலைப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்தாள். "பிரியா, பாம்பு கடிச்சுப்போட்டுது" என்றாள். மருமகள் லோகப்பிரியா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் அந்த மத்தியானம் வேறு ஒருவரும் இல்லை. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையிலிருந்து கணவன் கிருபாசங்கர் போனில் கத்தினான்.

"ஊட்ல காரு நிக்குதல்ல? சாவி ஆணியில தொங்குது. நீதான் லைசென்ஸ் வெச்சிருக்கியே, எடுத்துட்டுப் போ அம்மணி!"

வாஸ்தவம்தான். சொந்தத்திலேயே கார் லைசென்ஸ் எடுத்த முதல் மருமகள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். ஆனால் ஒருநாளும் சாவியைத் தந்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் அவளுக்குத்தான் தெரியும். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. வரதராஜுலு மாஸ்டர் பேப்பர் படித்துக்கொண்டே இரண்டையும் மிதித்துவிடுவார். "சூப்பரா ஓட்டறீங்கம்மா" என்று வேறு சொல்வார். டெஸ்ட் அன்றும் ஓட்டியது அவர் கால்தான். பாஸானது மட்டும் இவள்.

இன்று பக்கத்து சீட்டில் மாமியார் சாய்ந்திருந்தாள். வண்டி உதறி உதறி நின்றது. மறுபடி எடுத்தாள். கேட் தூணில் இடித்து ஒரு பக்கக் கண்ணாடி போனது. மெயின் ரோட்டில் பஸ்காரன் தலையை நீட்டித் திட்டினான். இரண்டாவது கியருக்கு மேல் போடப் பயந்து, இஞ்சின் அலற அலற, அழுதுகொண்டே ஓட்டினாள். மாமியாரின் இமைகள் செருகுவதைப் பார்த்ததும் கத்தினாள்.

"அத்தை, தூங்காதீங்க. என்னைப் பாருங்க."

"நீ ரோட்டப் பாரு அம்மணி."

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். லோகப்பிரியாவைவிடச் சின்னவளாக ஒரு டாக்டர்ப் பெண் ஓடிவந்தாள். கோட்டில் மடிப்புகூடக் கலையவில்லை.

"சாருக்குச் சொல்லியாச்சுங்க. அதுக்குள்ள நானே ஆரம்பிச்சர்றேன்."

தெய்வாத்தாளின் வலது கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவினாள். ஊசியை எடுத்தாள். முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. டாக்டர்ப் பெண் கதவையே திரும்பிப் பார்த்தாள். அது என்ன பார்வை என்று லோகப்பிரியாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று கத்த வாயெடுத்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தெய்வாத்தாள் கண்ணைத் திறந்தாள். டாக்டர் முகத்தையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வளையல்களை மேலே ஒதுக்கிவிட்டு, இடது கையை நீட்டினாள்.

"இதுல பாரு கண்ணு."