மொட்டைமாடித் தடியங்காய்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இருந்தவர்கள்: என் அப்பா ரசலையன், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது மொட்டைமாடி விவசாயி. என் அம்மா பூங்கனி, பெண்கள் பக்கம், தூணோரமாக. முன்வரிசையில் காய்கறிக்கடை குமாரதாஸ். ஏலம் விட்ட நேசமணி, சபைக் கமிட்டிக்காரர், காலையிலேயே தொண்டை கட்டிப்போனவர். குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்த சிஜோ, மடிப்புக் கலையாத சட்டையில். கடைசியில் நான். ஆலய முற்றத்து மேசையில், வாழையிலைமேல், ஒரு தடியங்காய். மற்ற ஊர்களில் வெள்ளைப் பூசணி என்பார்கள்.

அந்தக் காய் வந்த வழியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து கருங்கல் சந்தைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே கிடைக்காத காய் கிடையாது. அப்படியிருந்தும் அப்பா ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தார். மாடியில் தோட்டம் போட்டால் காய்கறிச் செலவே இருக்காது என்று தொப்பி வைத்த ஒருவர் சொன்னார். தொப்பிக்காரர் காய் விற்கவில்லை. பையும் விதையும் விற்றார். கவனித்திருக்க வேண்டியது அது ஒன்றுதான். அப்பா தொப்பியைக் கவனித்தார். மறுநாள் அதேபோல் ஒன்று வாங்கினார்.

பிறகு பைகள் வந்தன. தென்னைநார்க் கழிவு, வேப்பம்புண்ணாக்கு, சொட்டுநீர்க் குழாய், பச்சை வலை வந்தன. சென்னையில் ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டு வந்து வீட்டில் கிடந்தவன் நான் என்பதால் எல்லாம் என் முதுகில்தான் மாடி ஏறின. வலைக்குக் காரணம் மயில். முதல் தக்காளியைத் தின்றது மயில்தான். இரண்டாவதையும் அதுதான் தின்றது. வலை கட்டிய பிறகு வலைக்குள்ளேயே ஒரு மயில் மாட்டிக்கொண்டது. அதை வெளியே விடுவதற்குள் மிளகாய்ச் செடிகள் போயின.

தொப்பிக்காரர் அடுத்து மீன் கரைசல் ஊற்றச் சொன்னார். அப்பா சாளை மீனும் கருப்பட்டியும் வாங்கிக் குடத்தில் ஊறவைத்தார். தெருவில் யாரும் எங்கள் வீட்டுப் பக்கமாக நடக்கவில்லை.

"சாளைய கத்திரிக்குக் குடுக்குதாரு. கத்திரிய நமக்குக் குடுக்குதாரு," என்றாள் அம்மா. "நேராட்டுச் சாளைய எனக்குத் தந்தா என்ன?"

"ஏட்டி, இதெல்லாம் முதலீடு. செலவுல சேராது."

முப்பது வருடம் ஊரார் கணக்கைத் திருத்திய மனிதர் இப்படித்தான் பேசினார். வாங்கியதெல்லாம் முதலீடு. காய்த்தது மட்டும் வரவு. அந்த வரவுக்கும் சந்தை விலை கிடையாது, நாகர்கோவிலில் இயற்கைக் காய்கறி விற்கிற குளிரூட்டிய கடையின் விலை. நாலு வெண்டைக்காய் பறித்த அன்று, முறுக்கிய மீசையோடு சாப்பிட உட்கார்ந்தார்.

இதுவரை சிரிக்கலாம். கூரை ஒழுக ஆரம்பித்த பிறகு அம்மா சிரிக்கவில்லை.

பைகளின் ஈரம் இறங்கி, அம்மாவின் கட்டிலுக்கு நேர்மேலே சீலிங் கறுத்தது. வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டியது. அவளுக்கு இளைப்பு நோய் உண்டு. ஈரம் ஆகாது. இன்ஹேலரைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, கட்டிலைச் சுவரோரம் தள்ளினாள். கறுப்பும் சுவரோரம் வந்தது. கடைசியில் அடுக்களைப் பக்கம் பாய் விரித்துப் படுத்தாள். கொத்தனார் வந்து பார்த்தார். மேலே இருப்பதை முழுக்க இறக்கினால்தான் தளத்தைத் தொட முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பண்டிகை வரைக்கும் பாப்பேன்," என்றாள் அம்மா. "அதுக்குள்ள தோட்டத்துல ஒரு ரூவா மிச்சம்னு காட்டுங்க, நான் அடுக்களையிலயே கெடக்கேன். காட்டல்லன்னா அன்னைக்கே எல்லாம் எறங்கணும்."

"காட்டுதேன்," என்றார் அப்பா.

அவர் நம்பியது அந்தத் தடியங்காயை. மயிலுக்கும் மழைக்கும் தப்பிய ஒரே காய். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைச் சேலை ஒன்றைக் கிழித்து அதற்குத் தொட்டில் கட்டியிருந்தார். எனக்குக் கட்டிய தொட்டில் பழைய வேட்டி என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பண்டிகைக்கு வருடந்தோறும் ரொக்கமாகப் போடுகிற காணிக்கைக்குப் பதில் இந்த வருடம் முதற்பலனாகக் காயையே கொடுப்பது அவர் திட்டம். காணிக்கையாக வரும் பொருளைச் சபை ஏலம் விட்டுக் காசாக்கும். ரொக்கம் மிச்சம்.

"அது மட்டுமா? ஏலத்துல வாற வெலதான் உள்ள வெல. அப்பம் தெரியும் எனக்க தோட்டத்துக்க மதிப்பு."

"ஏலத்துல வாற வெலதான் உள்ள வெல," என்று அம்மா ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "செரி."

முட்டையும் கோழியும் வாழைக்குலையும் போன பிறகு நேசமணி தடியங்காயைத் தூக்கிக் காட்டினார்.

"ரசலையன் சாருக்க மொதப் பலன். மருந்து தொடாத சாதனம். கேளுங்க!"

"முப்பது," என்றார் குமாரதாஸ்.

"வோய், இது சந்தையில்ல, சபை."

"சந்தையில இருவத்தஞ்சு வே. ஆண்டவருக்குன்னு அஞ்சு கூட்டியாக்கும் சொன்னேன்."

முற்றம் சிரித்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதப்படாதது. ஒருவன் கொடுத்த பொருள் மலிவாகப் போனால் அவமானம் கொடுத்தவனுக்கு. அதனால் கொடுத்தவனே ஏறி நின்று கேட்பான். அப்பாவின் காது சிவந்தது.

"ஐநூறு!"

ஐநூறு என்ற சத்தம் கேட்டும் சும்மா இருந்தால் குவைத்தில் இருந்ததற்கு அர்த்தமில்லை என்று சிஜோவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஆயிரம்," என்றான்.

"ஆயிரத்தி ஒண்ணு," என்றார் குமாரதாஸ், பல் குத்திக்கொண்டே.

"ரெண்டாயிரம்!" அப்பா.

"ரெண்டாயிரத்தி ஒண்ணு."

"மூவாயிரம்!"

குமாரதாஸ் குச்சியைத் தூர எறிந்தார். "சாரு கொண்டுபோட்டும். அவருக்க பிள்ளையில்லியா?"

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அப்பா தன் காயைத் தானே வாங்கினார். கைதட்டல். அந்தக் கைதட்டல் அவர் வாழ்க்கையில் சங்கத்தின் பிரிவுபசார நாளில்கூடக் கிடைக்காதது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஏலம் எடுத்தவன் மனமிருந்தால் பொருளைத் திரும்பச் சபைக்கே விடலாம். அது மறுபடி ஏலத்துக்கு வரும். பெரிய மனுஷத்தனம்.

"கொண்டு போறியளா, சபைக்கு விடுதியளா?" என்று நேசமணி கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்திருக்கலாம். கூட்டத்தைப் பார்த்தார். "விடும்!" என்று கையை உயர்த்தினார். மறுபடி கைதட்டல்.

"கேளுங்க! ரெண்டாந்தவண!"

"முப்பது," என்றார் குமாரதாஸ், அதே குரலில்.

சிஜோ போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் தூணோரத்திலிருந்து குரல் வந்தது.

"முப்பத்தஞ்சு."

அம்மா எழுந்து நின்றிருந்தாள். பெண்கள் ஏலம் கேட்பது புதிதல்ல. புருஷன் வாய் திறக்கும்போது பெண்டாட்டி கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"ஏட்டி, நீ எதுக்கு..."

"பூங்கனியக்கா முப்பத்தஞ்சு!" நேசமணியின் தொண்டை திடீரென்று சரியாகிவிட்டது. "சாரு மேல கேக்கியளா? வீட்டுக்காரிக்கு எதிராட்டு?"

முற்றம் குலுங்கியது. அப்பா உட்கார்ந்தார்.

"குமாரதாசு?"

"அக்கா கேட்டா நான் கேப்பனா? நாளைக்கு எனக்க கடைக்கு வாறது அவியதானே."

மூணு தரம். அம்மா பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, காயை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். வழியில் அப்பா மூவாயிரத்துக்குத் தவணை கேட்பதா, பென்ஷனில் எடுப்பதா என்று என்னிடம் கேட்டார். 

வீட்டு வாசலில் அவருக்குத் தைரியம் வந்தது. "மூவாயிரத்துக்குப் போச்சுல்லா? தோட்டம் செயிச்சுது."

"அது நீங்க குடுத்த வெல. ஊரு குடுத்தது முப்பத்தஞ்சு. ஏலத்துல வாறதுதான் உள்ள வெலன்னு சொன்னது யாரு?"

"கேட்டது நீயுல்லா?"

"நான் ஊருல இல்லியா?"

"அந்தப் பைசா ஆண்டவருக்குப் போச்சு. அதச் செலவுல எழுதப்பிடாது."

"அப்பம் மிச்சத்துலயும் எழுதாதிய." அம்மா காயை அடுக்களையில் வைத்து, அரிவாள்மணையை இழுத்துப் போட்டாள். ஒரே வெட்டு. உள்ளிருந்து நீர் வழிந்தது. "வெள்ளமாட்டுத்தான் இருக்கு. இது நமக்க சீலிங்க்ல எறங்காம மிஞ்சினதாக்கும்."

அப்பா இன்னும் ஒரு மாதம் கேட்டார். மழை முடியட்டும் என்றார். கத்திரி பூ வைத்திருக்கிறது என்றார். அம்மா கிணற்றடியிலிருந்து கயிற்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். என்னைக் கொல்லைப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, அவர் பின்னால் மாடிப்படி ஏறினாள். நான் படியடியில் நின்று பார்த்தேன்.

"படி வழியாட்டு ஒரு தரி மண்ணு வரப்பிடாது. ஒவ்வொண்ணாட்டுக் கெட்டிக் கீழ எறக்குங்க. மவன் வாங்கி வைப்பான். கடைசிப் பை எறங்கட்டும், தொறக்குதேன்."

"தொறக்குதியா? ஏட்டி, நீ என்ன..."

அவர் மொட்டைமாடியில் கால் வைத்து, கத்திரிப் பூவைப் பார்க்கத் திரும்பினார். அம்மா கதவைச் சாத்தினாள்.

"வெண்டையாவது கெடக்கட்டும் பூங்கனி!" என்று மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது.

சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி உருவி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.