நான்காவது சட்டை

இசை நாடகம் தொடங்கிய முதல் நாள், இரண்டாம் அங்கத்துச் சாப்பாட்டுப் பாட்டின்போது, மேடைச் சுவரில் ஆணியில் தொங்கிய சட்டைக்குள் நாடகக் குழுத் தையல்காரியின் மகன் இருந்தான். போர் முடிய மூன்று வாரம் இருக்கும்போது அவனைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். நாங்களில்லை என்று இரண்டு தரப்பும் சொல்லிவிட்டன.

சட்டை அங்கே வந்தது அவள் செய்த பிழையால். உள்நாட்டுப் போரில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தின் கதை அந்த நாடகம்: அப்பா, அம்மா, ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துவிடும் இரண்டு மகன்கள். ஆண்களுக்கு மூன்று சட்டை போதும். அவள் நான்கு தைத்து வைத்திருந்தாள். நான்காவது, கொண்டுபோன அன்று மகனுக்கிருந்த பதினாறு வயது அளவு. வளரும் பிள்ளைக்குத் தைப்பது போலவே, சட்டைக் கையில் இரண்டு விரல்கடைத் துணியை உள்ளே மடித்து விட்டிருந்தாள்.

“என்னக்கா, மூணு பேருக்கு நாலு சட்டை? குடும்பத்தைப் பெருசாக்கிட்டீங்களா?” என்றார் இயக்குநர்.

“கை தவறிடுச்சு தம்பி. செட்டுல மாட்டி வைங்க. வீடுன்னா ஒரு சட்டையாவது தொங்க வேண்டாமா?”

அந்த முதல் நாள் பையன் ஆணியிலிருந்து இறங்கி வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காகிதக் கூழில் செய்த ரொட்டி இரண்டைத் தின்றான். பாட்டு முடிந்து விளக்கு அணைந்ததும் சட்டை ஆணிக்குப் போய்விட்டது. தந்திரக் காட்சி என்று நினைத்துச் சனங்கள் கைதட்டினார்கள். பிறகு தினமும் வந்தான்; இரண்டாவது வாரம் விஷயம் தெரிந்த பிறகும் தட்டினார்கள். தினம் ரொட்டி செய்து மாளவில்லை என்று மேடையில் பொருள்களை வைப்பவர் புலம்பியதால் அவளே வீட்டிலிருந்து நிஜ ரொட்டி கொண்டுவந்தாள். மற்றபடி அவனால் ஒரே தொல்லைதான். கூட்டுப் பாட்டில் எப்போதும் மற்றவர்கள் சுருதிக்கு அரைக்கட்டை கீழே பாடினான்.

“கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கக்கா,” என்றார் இயக்குநர்.

“வீட்லயே சொல்லிப் பாத்தாச்சு. கேக்குற ஆளா அவன்?”

அவன் அவள் பக்கம் திரும்பியதே இல்லை. அவளும் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று அவன் மணிக்கட்டை மட்டும் பார்த்தாள். எங்கேயாவது உயிரோடு இருந்தால் வளர்வான். வளர்ந்தால் சட்டைக் கை குட்டையாகும். அவன் போன நான்காம் ஆண்டு, நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டிய அவனுடைய இறப்புப் படிவம் அரசு அலுவலகத்திலிருந்து வந்தது. இசைக்குழுவில் டிரம் வாசிக்கும் அவள் கணவர் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீட்டினார்.

“நீங்களே இருபத்தொண்ணு வரைக்கும் வளந்தீங்களாம், உங்க அம்மா சொல்லியிருக்காங்க. பொறுங்க,” என்று அவள் அதை ஊசிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

அவனுக்கு இருபத்தொன்று முடிந்த நாளிலும் சட்டை மணிக்கட்டு எலும்பில்தான் நின்றது, நூலிழைகூட மேலே ஏறவில்லை. மறுநாள் காலை படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு சட்டையை எடுத்து மடிப்பைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெட்டினாள். மேசையில் ஊன்றி ஊன்றி முழங்கை தேய்ந்திருந்தது. வெட்டிய துணியை அங்கே ஒட்டுப் போட்டாள்.

இனி வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அன்றும் வந்தான். ஒட்டுப் போட்ட முழங்கையை மேசையில் ஊன்றி ரொட்டியைத் தின்றான். அரைக்கட்டை கீழே பாடினான். அடுத்த வாரம் இயக்குநர் இசைக்குழுவைக் கூப்பிட்டு, பாட்டு முழுவதையும் அரைக்கட்டை இறக்கச் சொன்னார். இப்போதும் அப்படித்தான் பாடுகிறார்கள்.