வாய்தா நாள்

அந்தக் கட்டடத்துக்கு ஊரில் ஏழுமாடி என்று பெயர். பேருந்து நிறுத்தத்துக்கும் அதே பெயர்தான். கட்டியவர் இருந்தவரை ஊரிலேயே பெரிய துணிக்கடையாக இருந்தது. லிப்ட் என்ற ஒன்றை ஊர் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். எதுவும் வாங்காமல் சும்மா ஏறி இறங்கிவிட்டுப் போகிறவர்களைக்கூட முதலாளி ஒன்றும் சொன்னதில்லை. "இன்னைக்கு லிப்டுக்கு வர்றவன் நாளைக்குச் சட்டைக்கு வருவான்" என்பார்.

இப்போது அதைப் பார்த்தாலே முகம் சுளித்தார்கள். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து, வாசலுக்குத் தகரம் அடித்து, தகரத்தின்மேல் சுவரொட்டிக்குமேல் சுவரொட்டி ஒட்டியிருந்தது. ஐந்தாம் மாடி விளிம்பில் முளைத்த செடி மரமாகிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தால் பெண்கள் எதிர்ப்பக்கமாகத்தான் நடந்தார்கள். ஒட்டியிருந்த பேக்கரி மூடிவிட்டது. மருந்துக்கடை வேறு தெருவுக்குப் போய்விட்டது.

முதலாளிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். இளையவன் வெளியூரில் லிப்ட் மெக்கானிக். அப்பா போனதும் கட்டடத்தை விற்றுவிடலாம் என்றான் தம்பி. திரும்பக் கடை திறக்கலாம் என்றாள் அக்கா. வார்த்தை தடித்து விஷயம் கோர்ட்டுக்குப் போனது. அன்றிலிருந்து கட்டடத்துக்குப் பூட்டு.

அக்காதான் பிடிவாதக்காரி என்று ஊரில் பேச்சு. அதில் பொய்யில்லை. சமரசம் பேச வந்தவர்களையெல்லாம் ஏதாவது ஒரு குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவளுடைய வக்கீலுக்கே அலுத்துவிட்டது. ஆனால் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாய்தா நாளில் மட்டும்தான் தம்பி ஊருக்கு வருவான்.

கோர்ட் வராந்தா பெஞ்சில் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் அவள். பேசியே ஆகவேண்டும் என்றால், வேற்று ஆளிடம் பேசுவதுபோல அவளை "நீங்க" என்பான். இருந்தாலும் அவன் முகத்தையாவது பார்க்கலாமே. முன்தலை நரைத்துவிட்டதைப் பார்த்தாள். ஒருமுறை கையில் கட்டுப் போட்டு வந்ததைப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடி போட ஆரம்பித்தான். யாரோ அவசரத்தில் மாட்டிவிட்ட கண்ணாடி, மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் கொடுத்தால் போதும், காதுப்பக்கம் லேசாக வளைத்துச் சரிசெய்துவிடுவாள். கை துறுதுறுத்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வழக்கு தள்ளிப்போகும்போதெல்லாம் வாயால் சலித்துக்கொள்வாள், உள்ளூர நிம்மதியாக இருக்கும். முந்தின நாளே நல்ல உடுப்பாக எடுத்துத் தேய்த்து வைப்பாள். "என்ன, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கணவர் கேலி செய்வார்.

ஒருநாள் காலையில் ஆறாம் மாடியிலிருந்து சிமெண்ட் பாளம் ஒன்று பெயர்ந்து நடைபாதையில் விழுந்தது. விழுந்த இடத்தில் சாவி செய்கிறவரின் மேசை இருந்தது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். மேசையும் குடையும் அப்பளமாக நொறுங்கின.

மத்தியானம் அவர் அவள் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தாள்.

"பால் வர லேட்டுன்னு டீக்கடைக்காரன் காக்க வச்சான்," என்றார். "அவனத் திட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். அவன் சீக்கிரம் குடுத்திருந்தா நான் மேசைக்குத் திரும்பியிருப்பேன்."

அவள் தண்ணீர் எடுத்து நீட்டினாள். "புது மேசை வாங்கித் தர்றேண்ணே."

"மேசை கெடக்கட்டும்மா. உங்கப்பா இருந்தப்ப அந்த வாசல்ல நிக்கறதே ஒரு கௌரவம். இப்ப என் பொண்ணு, அங்க உக்காராதப்பான்னு தெனமும் போன் பண்றா. இடிங்க, கட்டுங்க, வித்துத் தொலைங்க. எதையாவது ஒண்ணு பண்ணுங்க."

அவர் போன பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. தம்பி முகத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காக, அடுத்தவர் தலைக்குமேல் இத்தனை நாளும் கல்லைத் தொங்கவிட்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரமே நகராட்சிப் பொறியாளர் அக்கா, தம்பி இருவரையும் கட்டடத்துக்கு வரச்சொன்னாள். இளம்பெண். ஆளுக்கொரு தலைக்கவசம் கொடுத்து உள்ளே கூட்டிப்போனாள். தரையெல்லாம் புறா எச்சம், ஈர வாடை. துணி அளக்கும் நீள மேசைகள் மட்டும் போட்டது போட்டபடி கிடந்தன.

"மேல நாலு மாடி தாங்காது, கம்பியெல்லாம் துரு," என்றாள் பொறியாளர். "கீழ மூணு கெட்டியா இருக்கு. மேல இருக்கறத இறக்கிட்டா மிச்சத்த நகராட்சி குத்தகைக்கு எடுத்துக்கும். பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்கு இடம், சின்னச் சின்னக் கடைங்க, மாடில நூலகம். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கணும்."

படம் எடுப்பதற்காகப் பொறியாளர் மாடிக்குப் போனாள். தம்பி லிப்ட் வாசலுக்குப் போய் டார்ச் அடித்து மேலே பார்த்தான்.

"கயிறு இன்னும் இருக்கு," என்றான், பொதுவாக.

"ஏறிப் பாக்கலாமா?" என்றாள் அக்கா.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறினா நேரா அப்பாகிட்டதான் போய் நிப்போம்."

அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். "நீ ஏன்டா விக்கணும்னே நின்ன?"

"பஸ்ல இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அப்பா வாசல்ல நிக்கற மாதிரியே இருக்கும்க்கா. இது இல்லாம போனா, ஊருக்குத் தைரியமா வரலாம்னு நெனச்சேன்." டார்ச்சை அணைத்தான். "நீ ஏன் விடமாட்டேன்னே நின்ன?"

நீ என்று கூப்பிட்டிருந்தான். பதில் தொண்டைவரை வந்தது. அதற்குள் பொறியாளர் படியிறங்கும் சத்தம் கேட்டது.

"இப்ப விட்டுட்டேன்ல," என்றாள்.

இருவரும் குத்தகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதும் வழக்கு ஒரே நாளில் முடிந்தது. வராந்தாவில் அவன், "வரேன்க்கா" என்றான். எப்போது என்று அவள் கேட்கவில்லை. அவன் ஏறிய பேருந்து தெருமுனை திரும்புகிறவரை நின்றுவிட்டுக் கடைக்கு வந்தாள்.

இடிப்பு வேலை நடந்த மாதங்களில் தினமும் கடைக் கண்ணாடிகளிலெல்லாம் தூசி படிந்தது. துடைத்துத் துடைத்து மாளவில்லை. நாலு மாடியும் இறங்கியபிறகு சாயங்கால வெயில் அவள் கடைக்குள் வர ஆரம்பித்தது. சாவிக்காரருக்கு உள்ளே கூரையோடு ஒரு இடம் கிடைத்தது. பேக்கரி திரும்ப வரவில்லை, அங்கே செல்போன் பழுதுபார்க்கும் கடை வந்தது. திறப்புவிழாவுக்குத் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

மாதம் பிறந்தால் காலண்டரில் வாய்தா தேதியைத் தேடும் பழக்கம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

"ஒரு போன் போடறதுதானே," என்றார் கணவர்.

"என்னன்னு போடறது?"

"தம்பிக்குப் போன் போடக் காரணம் வேணுமா?"

ஒரு மத்தியானம் துணிந்து போட்டாள். எடுத்ததுமே, "என்னக்கா, பேப்பர் ஏதாவது வந்திருக்கா?" என்றான்.

"இல்லடா."

"வரி கிரி?"

"அதுவுமில்ல. சும்மாதான்."

அந்தப் பக்கம் எங்கோ மோட்டார் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"லிப்டு மேல நிக்கறேன்," என்றான் கடைசியில். "எறங்கிட்டுக் கூப்புடறேன்."

போனை மேசைமேல் வைத்துவிட்டு, காத்திருந்த பெரியவரை உட்காரவைத்து ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். அவர் அட்டையின் மூன்றாவது வரியில் திக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நீங்க படிச்சுக்கிட்டே இருங்கய்யா," என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.