திரும்பி வந்த பெட்டி

ஆபீஸ்கள் கழித்துக்கட்டும் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து, இல்லாத வீடுகளுக்கு இலவசமாகக் கொடுப்பதற்கென்று மெக்கானிக் ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது, கூட்டாளிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு கிளம்பிட்டான்யா" என்றார்கள். மூன்றே வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி போய்ச் சேர்ந்தது. சிரித்தவர்களே தங்கள் சொந்தக்காரர்களுக்குச் சிபாரிசு பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். மனிதருக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது, அதை மறைப்பானேன்.

ஆரம்பத்தில் ஒருமுறை அவர் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஆபீஸ் கொடுத்த பெட்டியை அப்படியே ஒரு வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட, உள்ளே அந்த ஆபீஸ்காரர்களின் சம்பள விவரம் மொத்தமும் இருந்தது. பெரிய ரகளையாகி, அறக்கட்டளைக்கே பூட்டுப் போடும் நிலைமை வந்தது. அன்றைக்குச் சட்டம் போட்டார்: வாசல் தாண்டி வரும் எந்தப் பெட்டியானாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முதலில் அதன் டிஸ்க்கை மூன்று தடவை துடைத்து அழித்துவிட வேண்டும். ஒருமுறை அழித்ததைத் தோண்டி எடுத்துவிடலாம். மூன்று முறை அழித்ததை எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. இதைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை அவர் வெளியே போயிருந்தபோது, சலவைக் கடையில் இஸ்திரி போடும் அம்மா ஒரு பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே இலவசமாக வாங்கிய பெட்டிதான்.

"மூச்சு பேச்சில்லாம கெடக்குதுங்க. பொண்ணுக்குத் திங்கக்கிழமை காலேஜ்ல இன்டர்வியூ. அவ வரைஞ்சதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்று மெக்கானிக்கின் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே வரும் பொருளில் ஒட்டுவதற்கு மனைவியிடம் இருந்தது ஒரே சீட்டு: நன்கொடை. அதையே ஒட்டி, ஓரத்தில் பென்சிலால் 'ரிப்பேர்' என்று எழுதினார். பென்சில் எழுத்தை யார் பார்க்கிறார்கள்?

சனிக்கிழமை காலையில் மெக்கானிக் அந்த டிஸ்க்கைக் கழற்றி, மற்ற ஏழு டிஸ்க்குகளோடு வரிசையில் மாட்டி, அழிக்கும் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து பார்த்தால் பெட்டியில் பவர் சப்ளை மட்டும்தான் போயிருந்தது. மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. துடைத்து முடிந்த டிஸ்க்கில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றித் திரும்ப மாட்டி வைத்தார்.

மத்தியானம் தாயும் மகளும் வந்தார்கள். மகள் கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"என் படமெல்லாம் எங்க சார்?"

வீட்டு வரைபடங்கள். அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறையையே நாற்பது விதமாக மாற்றி வரைந்திருந்தாளாம். ஒன்றில் தனியாகச் சமையலறை, ஒன்றில் அம்மாவுக்கு ஒரு ஜன்னல். கட்டடக்கலைப் படிப்பில் இடம் கொடுப்பதே அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

சீட்டின் ஓரத்திலிருந்த பென்சில் எழுத்தை மெக்கானிக் அப்போதுதான் பார்த்தார். "வேற எதுலயாவது ஒரு காப்பி வெச்சிருக்கியாம்மா?"

"வேற எதுல சார் வெப்பேன்? வீட்ல இருக்கறதே இது ஒண்ணுதான்."

இல்லாத வீடாகத் தேடித் தேடிக் கொடுத்தவர் கேட்கிற கேள்வியா அது!

மனைவி சீட்டுக் கட்டை அவர் முன்னால் போட்டார். "ஊர்ல இருந்து வாங்கறதுக்குச் சீட்டு அடிச்சீங்க. தூக்கிக் குடுக்கறதுக்கும் அடிச்சீங்க. குடுத்தது ஒருநாள் திரும்பி வரும்னு நெனச்சீங்களா?"

நினைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை, கொடுத்ததோடு கதை முடிந்தது.

"இதைவிட நல்லதா ஒண்ணு தர்றேன். நானே காலேஜுக்கு வந்து நடந்ததைச் சொல்றேன்" என்றார்.

"அங்க படத்தைத்தான கேப்பாங்க?" என்றார் அந்த அம்மா.

மகள் அழவில்லை. கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டு, ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, "ரொம்ப நன்றி சார்" என்றாள். அதைக் கேட்டதும் மெக்கானிக்குத் தாங்கவில்லை.

"திட்டவாவது திட்டிட்டுப் போங்கம்மா!"

அந்த அம்மா பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"எந்த வாயால திட்டறதுங்க? காசு குடுத்து வாங்கியிருந்தா, இந்நேரம் உங்க சட்டையைப் புடிச்சிருப்பேன்."