இயக்குநர் கேமரா தேர்ந்தெடுத்த கதை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கல்யாண வீடியோக்காரர் ஒரு மழை நாளில் மேலே வந்து, சொட்டச் சொட்ட இருந்த குடையை என் புத்தக அலமாரிமேல் சாய்த்துவிட்டு, பாதி வருத்தமும் பாதி கேலியுமாகச் சொன்னது. சொல்லி முடித்ததும், "இத எழுதுங்க சார். ஆனா என்ன நல்லவனா எழுதுங்க" என்றார். எழுதுகிறேன் என்பதற்கு மட்டும் தலையாட்டினேன்.

கதையின் நாயகன் அவருடைய தங்கையின் கணவன். முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒளியை நேசித்த ஒருவன் இருந்தான்." அடித்துவிட்டேன். அவன் நேசித்தது ஒளியைப் பற்றி மற்றவர்கள் பேசும் காணொளிகளை.

இரண்டாவது தொடக்கம்: "அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை." இது இருக்கட்டும், உண்மை. மேசை முழுக்கக் கேமரா விளம்பரத் தாள்கள், பிரித்துப்போட்ட முக்காலி, வாங்காத கேமராவுக்காக முன்கூட்டியே வாங்கிய ஒரு தோள்பை. கணவனும் மனைவியும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

(அவன் என்று எழுதுவதா, அவர் என்று எழுதுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். தலையில் நரை விழுந்தவர், நல்ல உத்தியோகம். ஆனாலும் ஒரு படமாவது எடுக்கும்வரை அவன்தான்.)

2

உத்தியோகம், காப்பீட்டு அலுவலகத்தில். இடிபட்ட கார்களின் புகைப்படங்களைப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று மதிப்பிடுவது. அது பிழைப்புக்கு. அவனுடைய முகவரி அட்டையில் அச்சிட்டிருந்தது வேறு: 'சுயாதீனத் திரைப்பட இயக்குநர்.' அலுவலகத்தில் எல்லாரும் அவனை இயக்குநர் என்றே கூப்பிட்டார்கள். கேலி என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

இயக்குநருக்கு ஒரு கேம்கார்டர் வேண்டியிருந்தது.* பார்த்தவற்றில் ஒன்றில் தூரத்துக் காட்சியை இழுக்கும் லென்ஸ் பிரமாதம், மங்கலான அறையில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. இன்னொன்று மங்கல் வெளிச்சத்தில் மணிமணியாக எடுத்தது, நல்ல மைக்கைச் செருக அதில் வழியில்லை. எல்லாம் இருந்த மூன்றாவதைத் தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். இவற்றையெல்லாம் அலசி ஒரு முடிவுக்கு வரும் நேரத்தில் புதிய மாடல் வரப்போவதாக அறிவிப்பு வரும். "இப்ப வாங்கறவன் முட்டாள்" என்பான் இயக்குநர். வாங்கியவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

* விவரம் தெரியாத வாசகருக்கு: கல்யாண வீட்டில் சுற்றுவதற்கும் சினிமாப் படப்பிடிப்பில் நிற்பதற்கும் நடுவே ஒரு வகைக் கேமரா உண்டு. அரைத் தொழில்முறை என்கிறார்கள். தான் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள்தான் பெரும்பாலும் அதை வாங்குகிறார்கள்.

3

கதைநாயகி அவன் மனைவி. இயக்குநரின் படத்துக்கும் அவள்தான் கதாநாயகி. செயற்கைப் பற்கள் செய்யும் கூடமொன்றில் வேலை. நாள் முழுக்க யாரோ ஒருவரின் வாய்க்காகப் பல்லை இழைத்து, மெருகேற்றி, நிறம் பார்த்து அனுப்புவாள். நடிப்பு அவளுக்குத் தெரியாது. ஆனால் திரைக்கதையை அவளுடைய முகத்தை நினைத்துத்தான் எழுதினேன் என்று இயக்குநர் சொன்னான். அதில் பொய்யில்லை. (இவனுக்கு ஒரு நல்ல குணமாவது கொடுக்க வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது இது ஒன்றுதான். "குடிக்க மாட்டார்" என்றார் வீடியோக்காரர். அது குணத்தில் சேருமா?)

படத்தில் ஒரே காட்சி. ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்து கணவனிடம் பேசுகிறாள். முதல் வசனம்: "மௌனம்தான் நம் வீட்டின் முதல் குழந்தை."

(வசனம் அவன் எழுதியது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

குழந்தை இல்லாத அந்த வீட்டில் அவள் இதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இத மட்டும் மாத்த முடியாதா?" என்று கேட்டாள்.

"அதுதாம்மா படத்தோட உயிரே."

அவள் மறுபடி கேட்கவில்லை. மனப்பாடம் செய்துகொண்டாள்.

ஒரு சாயங்காலம் இயக்குநர் இரண்டு கேமராக்கள் ஒரே பூந்தொட்டியை எடுத்த காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"ம்."

"எங்க லேப்ல வேற ஊர்ல கிளை திறக்கறாங்க. என்னப் பொறுப்பா போகச் சொல்றாங்க."

"நல்லது. இங்க பாரு, இந்தப் பூவோட சிவப்பு. இப்ப அந்தப் பூவோட சிவப்பு. வித்தியாசம் தெரியுதா?"

"ரெண்டும் சிவப்பாத்தான் இருக்கு."

"அதான் உனக்குப் புரியல."

பல்லின் வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டென்று பிரித்துப் பார்த்துப் பிழைக்கிறவள் அவள். எழுந்துபோய்த் துணி மடித்தாள். அதன்பிறகும் எத்தனையோ முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் "நல்லது" என்றே பதில் வந்தது.

4

கடைசியில் வாங்கியது எப்படி என்றால்,

(இங்கே இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். தேடலின் தத்துவம் என்று ஏதோ வந்து விழுந்தது. இயக்குநரோடு பழகினால் இப்படித்தான் ஆகும்.)

மச்சான்தான், அதாவது நம் வீடியோக்காரர்தான், கடைக்குக் கூட்டிப்போனார். தங்கையும் கூட வந்தாள். இயக்குநரைக் கண்டதும் விற்பனையாளர் ஒருவர் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினார். மாட்டிக்கொண்ட மற்றவரிடம் மச்சான், "நான் கேமராவத் தூக்கினா அழாத மாமியாரும் அழுவாங்க" என்று பெருமையடித்துக்கொண்டிருக்க, இயக்குநர் ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கச் சொன்னான். மதியமாயிற்று. கடையில் உட்கார நாற்காலி இல்லை.

அவள் ஒன்றைக் கைகாட்டினாள். "இத எடுத்துக்கலாமே."

இயக்குநர் திரும்பினான். எந்தக் கேமரா என்று இத்தனை காலத்தில் அவள் முதல்முறையாக அபிப்பிராயம் சொல்கிறாள். "எத வெச்சுச் சொல்ற?"

"இதுக்குமேல என்னால நிக்க முடியல."

வாங்கிவிட்டார்கள். ஆராய்ச்சியெல்லாம் ஒரு பெண்ணின் கெண்டைக்கால் வலியில் முடிந்தது. நல்ல கேமராதான் என்கிறார் மச்சான். நான் நம்புகிறேன். கேமராவின்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

5

விடுமுறை நாள் காலை, அவர்கள் வீட்டு ஹாலில் படப்பிடிப்பு. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அவளை உட்காரவைத்தான் இயக்குநர். மச்சான் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, நீளக் கழியில் மைக்கைப் பிடித்திருந்தார். கேமராவின் இடது பக்கத் திரையை விரித்து அதையே பார்த்தபடி நின்றான் இயக்குநர்.

"ஆக்‌ஷன்."

அவள் பேசினாள். திரைக்கதையில் இருந்ததை அல்ல.

"வர்ற மாசம் நான் போறேன். வேலைக்குன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். உங்ககிட்டயும் சொன்னேன். நல்லதுன்னீங்க. நல்லதுதான் போலன்னு நானும் நெனச்சுக்கிட்டேன். போனா திரும்பி வர மாட்டேன்னு தோணுது. இப்ப என்னப் பாத்துக்கிட்டு இருக்கீங்க, அதனால சொல்றேன். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகல."

ஹெட்ஃபோன் வழியாகத் தங்கை மச்சானின் காதுக்குள்ளேயே பேசினாள். அவள் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டதாம்.

"கட்" என்றான் இயக்குநர். முகமெல்லாம் மலர்ச்சி. "பிரமாதம். வசனத்த மாத்திட்ட, பரவாயில்ல, இயல்பா வந்திருக்கு. ஆனா 'வேண்டாம்'ங்கற எடத்துல சத்தம் எகிறிடுச்சு. சத்தம் காட்டற கோடு சிவப்புக்குப் போயிருச்சு. குரலக் கொஞ்சம் இறக்கி இன்னொரு டேக் போலாமா?"

(வீடியோக்காரர் இந்த இடத்தைச் சொன்னபோதே நான் குறுக்கிட்டுக் கேட்டேன்: "நீங்க என்ன பண்ணினீங்க?" அவர் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே, "நான் சவுண்ட் பாக்கத்தான சார் போயிருந்தேன்" என்றார். நல்லவனாக எழுதச் சொன்னவர் இவர்தான்.)

அவள் கணவனை ஒருமுறை பார்த்தாள். "சரி" என்றாள்.

இரண்டாவது டேக்கில் அதையே சொன்னாள், குரலை இறக்கி, நிதானமாக. வர்ற மாசம் போறேன் என்பது வந்தது. நல்லதுன்னீங்க என்பது வந்தது. கடைசி வாக்கியம் மட்டும் வரவில்லை.

"ஓகே. இதுதான்" என்றான் இயக்குநர்.

6

அவள் போய்விட்டாள். வழியனுப்பப் போனது அண்ணன்தான். இயக்குநர் அன்றைக்குப் படத்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தான். வேலைக்குப் போயிருக்கிறாள், லீவுக்கு வருவாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறான். அவனும் அப்படித்தான் நம்புகிறான்.

இதற்குமேல் முடிவுகளை யோசித்துப் பார்த்தேன்.

அ) இயக்குநருக்குத் திடீரென்று உறைக்கிறது. ரயில் நிலையத்துக்கு ஓடுகிறான். வேண்டாம். ரயில் நிலையங்களில் ஏற்கெனவே போதுமானவர்கள் ஓடிவிட்டார்கள்.

ஆ) படத்துக்கு ஒரு விழாவில் பரிசு கிடைக்கிறது. மேடையில் மனைவிக்கு நன்றி சொல்கிறான். நடக்கக்கூடியதுதான். அதனாலேயே எழுதக் கூசுகிறது.

இ) அவள் புதிய ஊரில் நிம்மதியாக

இதை முடிக்கவில்லை. அவளைப் பற்றி வீடியோக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததை எழுதி அவளையும் என் பங்குக்குத் தொல்லைப்படுத்த மாட்டேன்.

தெரிந்தது இவ்வளவுதான். போன வாரம் இயக்குநர் ஸ்டூடியோவுக்கு வந்திருக்கிறான், இரண்டு டேக்குகளையும் எடுத்துக்கொண்டு. பெரிய திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டிருக்கிறான்.

"ரெண்டாவதுதான் சுத்தமா இருக்கு மச்சான். சத்தமும் அளவா இருக்கு. ஆனா மொத டேக்குல என்னமோ இருக்கு. என்னன்னு பிடிபடல."

மச்சான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தப்பு. லென்ஸப் பாத்துப் பேசச் சொல்லியிருந்தேன். பாருங்க, அவ கண்ணு லென்ஸுக்கு வரவே இல்ல. முழுக்க இடது பக்கமாவே போகுது. அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?"

மச்சான் சுருட்டிய ஒயரைப் பிரித்து மறுபடி சுருட்டினார். இயக்குநர் முதல் டேக்கை மறுபடி ஓடவிட்டான். திரையில் அவன் மனைவி இடது பக்கம் பார்த்து, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகல என்றாள். படத்தை அங்கேயே நிறுத்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்போதுதான் அவனுக்கு" என்று எழுதிப் பலமுறை அடித்துவிட்டேன். புரிந்தது என்று எழுத இவன்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. புரியவில்லை என்று எழுதினால் நீங்கள் சிரித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். அந்த நிம்மதியைத் தரவும் எனக்கு இஷ்டமில்லை. இத்தனை நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

அப்போதுதான் அவனுக்கு